மல்லாந்து கிடப்பவரின் சுவர்

(மருத்துவர்கள், செவிலியர் கல்லூரி மாணவிகள், ஓவிய மாணவர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மருத்துவமனையில் கலைக்கு என்ன வேலை என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஏதாவது ஓர் ஓவியத்தில் தொடங்குவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் கணிதமேதை ராமானுஜன் தேடிப்போன ஒரு குளியலறையில் தொடங்குகிறேன்.

1917இல் இங்கிலாந்தில் ராமானுஜன் நோயில் விழுந்தார். காசநோய் என்று முடிவு கட்டினார்கள். அது காசநோயே இல்லை என்று வாதிடுகிறவர்கள் பிற்பாடு வந்தார்கள், அது தனிக் கதை. மெண்டிப் குன்றுகளில் ஒரு சானடோரியத்தில் அவரைச் சேர்த்தார்கள். அதை நடத்தியவர் டாக்டர் சௌரி முத்து என்கிற இந்தியர். அங்கிருந்து பிறகு மாட்லாக் என்ற ஊரிலிருந்த இன்னொரு சானடோரியத்துக்கு மாற்றினார்கள். அன்றைக்குக் காசநோய்க்கு மருந்து கிடையாது. ஜன்னலைத் திறந்து வை, குளிர்ந்த காற்றைச் சுவாசி, படுத்திரு, நன்றாகச் சாப்பிடு. சிகிச்சை அவ்வளவுதான். கும்பகோணத்துக்காரர், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர், இங்கிலாந்துக் குளிரில் திறந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் படுத்திருந்தார்.

அப்படி ஒரு சானடோரியத்திலிருந்து அவர் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. சாரத்தைச் சொல்கிறேன். வந்து ஒரு மாதமாகிறது, ஒரு நாள்கூட எனக்குக் கணப்பு மூட்டித் தரவில்லை. முக்கியமாகக் கணக்குப் போடுகிற நாட்களில் மூட்டித் தருவதாகச் சொன்னார்கள், அந்த நாளும் வரவில்லை. இங்கே குளியலறை மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறது. பேனாவையும் தாளையும் எடுத்துக்கொண்டு தினமும் அங்கே போகப்போகிறேன்.

அன்றைய மருத்துவ அறிவின்படி அந்த மருத்துவர்கள் எதையும் தப்பாகச் செய்யவில்லை. நோய்க்கு என்ன வேண்டும் என்று யோசித்தார்கள், அதை ஒழுங்காகக் கொடுத்தார்கள். அந்த மனிதர் பகல் முழுக்க அங்கே என்ன செய்வார் என்பது மட்டும் யாருடைய பொறுப்பிலும் இல்லை. இன்றைக்கும் பெரும்பாலான மருத்துவமனைகளில் அது யாருடைய பொறுப்பிலும் இல்லை. நான் பேச வந்தது இதைப் பற்றித்தான்.

சௌரி முத்து பிறகு நம் ஊருக்கு வந்து 1928இல் தாம்பரத்தில் ஒரு சானடோரியம் தொடங்கினார். மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு அந்தப் பெயரில் ஒரு நிலையமே இருக்கிறது. இறங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அது நோயாளிகளுக்கான இடம் என்று தெரியும் என்பது சந்தேகம்.

ஏறக்குறைய அதே சமயம், 1929இல், பின்லாந்தில் துர்க்கு நகரத்துக்குப் பக்கத்தில் பைமியோ என்ற ஊரில் காசநோய் சானடோரியம் கட்டப் போட்டி நடத்தினார்கள். முப்பது வயதைத் தொட்டுக் கடந்திருந்த ஆல்வார் ஆல்ட்டோ என்ற கட்டடக் கலைஞர் அதில் வென்றார். கட்டடம் 1933இல் முடிந்தது. ஆல்ட்டோ இதைப் பற்றி ஒரு விஷயம் சொல்வதுண்டு: வரைபடம் போடுகிற காலத்தில் அவரே நோய்வாய்ப்பட்டுப் படுத்திருந்தாராம். அப்போதுதான் புரிந்ததாம், உலகத்தில் எல்லா அறைகளும் நிற்கிறவர்களுக்காகவே கட்டப்படுகின்றன என்று. படுத்திருப்பவரை மனதில் வைத்து ஒருவரும் அறை கட்டுவதில்லை.

இதிலிருந்து அவர் எடுத்த முடிவுகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பாடம் இல்லை.

நிற்கிறவருக்குச் சுவர் எப்படியோ, மல்லாந்து கிடப்பவருக்கு விட்டம் அப்படி. நாள் முழுக்க அவர் கண்ணெதிரே இருப்பது அதுதான். அங்கே வெள்ளையடித்து நடுவில் விளக்கைத் தொங்கவிட்டால் அந்த விளக்கு நேராகக் கண்ணில் குத்தும். அதனால் ஆல்ட்டோ நோயாளி அறையின் விட்டத்துக்குச் சுவரைவிட அடர்ந்த, கண்ணுக்கு இதமான சாம்பல் பச்சை நிறம் கொடுத்தார். விளக்கைப் படுத்திருப்பவரின் பார்வையில் படாத இடத்துக்குத் தள்ளினார். அறையைச் சூடாக்கும் தகட்டை மேலே வைத்து, வெப்பம் தலையில் இறங்காமல் கால் பக்கமாக விழும்படி செய்தார். (ராமானுஜனுக்கு இப்படி ஓர் அறை கிடைத்திருக்கக் கூடாதா!) ஓர் அறையில் இரண்டு பேர். ஆளுக்கொரு கழுவுதொட்டி. இருமலுக்கு நடுவே இப்போதுதான் கண்ணயர்ந்திருப்பவர் பக்கத்துக்காரர் கை கழுவும் சத்தத்தில் எழுந்துவிடக் கூடாது என்று, தண்ணீர் சாய்வாக விழுந்து ஓசையில்லாமல் வழியும்படி அந்தத் தொட்டியை வடிவமைத்தார். கதவுப் பிடிகளை டாக்டரின் கோட்டுக் கை மாட்டிக்கொள்ளாதபடி வளைத்தார்.

மாடிப்படிகளுக்கு நல்ல மஞ்சள். பின்லாந்துக் குளிர்காலத்தில் சூரியன் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும், அந்தக் குறையைத் தரையில் ஈடுகட்டினார்கள். நிறங்களை அமைப்பதில் எய்னோ கவுரியா என்ற ஓவியர் ஆல்ட்டோவுடன் சேர்ந்து வேலை செய்தார். ஒரு ஓவியர் மருத்துவமனைக்குள் வந்து, ஒரு படமும் மாட்டாமல், நிறத்தை மட்டும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதை இங்கே உட்கார்ந்திருக்கும் ஓவிய மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

நாற்காலியைச் சொல்லாமல் விடக் கூடாது. வெயில் காய உட்காரும் நோயாளிக்கு மூச்சு விடச் சுலபமாக இருக்கும் சாய்மானத்தில், பர்ச் மரத்தை வளைத்து ஒரு நாற்காலி செய்தார். பைமியோ நாற்காலி என்று பேர். இன்றைக்கு அது அலங்காரக் கடைகளில் விற்கிறது. விலையைக் கேட்டால் நல்ல நுரையீரல் உள்ளவருக்கும் மூச்சு முட்டும்.

இந்த இடத்தில் திருமுக்கூடல் கல்வெட்டைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். வீரராஜேந்திர சோழன் காலம், 11ஆம் நூற்றாண்டு, கோயிலுக்குள்ளே 15 படுக்கைகளோடு ஆதுலசாலை என்ற மருத்துவமனை. மருத்துவர், அறுவை செய்பவர், பணிப்பெண்கள் என்று யாருக்கு எவ்வளவு கூலி என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் அந்தப் படுக்கையில் கிடந்தவர் எதைப் பார்த்துக்கொண்டு கிடந்தார் என்று கல்வெட்டு சொல்லவில்லை, அதனால் எனக்கு அதில் மேலே பேச ஒன்றுமில்லை.

பைமியோவில் கட்டடம் நோயாளியைத் தேடி வந்தது. மிட்ஹர்ஸ்டில் நடந்தது வேறு. இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஏழாம் எட்வர்டு மன்னர் பேரால் ஒரு சானடோரியம். 1938இல் ஏட்ரியன் ஹில் என்ற ஓவியர் காசநோயோடு அங்கே வந்து படுத்தார். முதல் உலகப்போரில் போர்முனையில் நின்று படம் வரைந்தவர். இப்போது கட்டிலை விட்டு இறங்கக் கூடாது. கட்டிலிலிருந்து என்ன தெரிகிறதோ அதை வரைய ஆரம்பித்தார். பொழுது நகர்ந்தது. கொஞ்சம் தேறிய பிறகு பக்கத்துக் கட்டில்காரர்களுக்கும் பென்சிலைக் கொடுத்தார். இரண்டாம் உலகப்போரில் காயம்பட்ட சிப்பாய்களும் வந்து சேர்ந்தார்கள். 1942இல் இதற்குக் கலைச் சிகிச்சை என்று பெயர் வைத்தவர் அவரே. 1945இல் இதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார்.

அவர் செய்த இன்னொரு வேலை எனக்கு அதைவிடப் பிடிக்கும். செஞ்சிலுவைச் சங்கத்தோடு சேர்ந்து, புகழ்பெற்ற ஓவியங்களின் அச்சுப் பிரதிகளை வார்டுகளுக்கு இரவல் கொடுக்கும் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். நூலகத்தில் புத்தகம் எடுப்பதுபோல நோயாளி தனக்கு வேண்டிய படத்தை எடுத்துக் கட்டிலருகே மாட்டிக்கொள்ளலாம். சலித்துவிட்டால் மாற்றலாம். மருத்துவமனைக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்து என்ன உடுத்துவது, எப்போது தூங்குவது, எப்போது சிறுநீர் கொடுப்பது என்று எல்லாவற்றையும் மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள். அங்கே ஒரு மனிதர், 'எனக்கு அந்தக் குதிரைப் படம் வேண்டாம், ஆற்றுப் படம் கொடுங்கள்' என்று சொல்ல முடிவது சின்ன விஷயமா?

சரி. இப்போது இந்த உரைக்கே எதிரான ஒரு சாட்சியை நானே அழைத்து வருகிறேன். அந்தச் சாட்சி நம் சென்னையைச் சேர்ந்தது.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. பின்னாலேயே பாஸ் மாத்திரையும் ஐசோனியாசிடும் வந்தன. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கினார்கள். உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு எல்லாம் சேர்ந்த முயற்சி. நகரத்து ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் சானடோரியம்: காற்றோட்டம், ஓய்வு, நல்ல சாப்பாடு, கவனிப்பு. மறு பாதி தங்கள் நெருக்கடியான வீட்டிலேயே, கிடைத்த சாப்பாட்டோடு. இரண்டு பக்கமும் ஒரே மாத்திரை, ஒரு வருடம். 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேறியிருந்தார்கள். நோயாளி வீட்டிலேயே இருந்ததால் அவருடைய குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை.

அந்த ஆய்வு உலகத்தையே புரட்டிப்போட்டது. நாடு நாடாகச் சானடோரியங்களை மூடினார்கள். பைமியோவின் வெயில்மாடங்களையும் பின்னால் அடைத்துவிட்டு அதைப் பொது மருத்துவமனையாக மாற்றினார்கள். அதாவது, அழகான அறையும் இதமான நிறமும் காசநோயைக் குணப்படுத்துவதில்லை, மாத்திரைதான் குணப்படுத்துகிறது என்று சேத்துப்பட்டு நிரூபித்துவிட்டது. கோடானுகோடி ஏழைகளுக்கு அது வரம். வீட்டிலேயே சிகிச்சை என்பது அங்கிருந்துதான் வேர்விட்டது. நான் அதை ஒரு நாளும் குறைத்துப் பேசமாட்டேன்.

ஆனால் அதோடு வேறொன்றும் கைநழுவிப் போனது. மருந்து இல்லாத காலத்தில் அறையும் ஜன்னலும் நாற்காலியுமே மருந்து என்பதால் அவற்றைப் பற்றி யோசித்தார்கள். மருந்து வந்ததும் அறை வெறும் கிடங்காயிற்று. படுக்கை எத்தனை, ஆக்சிஜன் குழாய் எங்கே என்பதோடு கணக்கு முடிந்தது.

இதை மறுபடி மருத்துவர்களின் மேசைக்குக் கொண்டுவந்தவர் ரோஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆய்வாளர். பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளைத் தோண்டினார். சில அறைகளின் ஜன்னலில் மரங்கள் தெரியும், சிலவற்றில் செங்கல் சுவர். வயது, உடல்நிலை எல்லாம் ஒத்துவரும்படி 23 ஜோடிகளாக 46 பேரை எடுத்து ஒப்பிட்டார். மரம் பார்த்தவர்கள் முக்கால் நாள் போல முன்னதாக வீடு திரும்பியிருந்தார்கள். வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. 1984இல் சயன்ஸ் இதழில் வந்தது இது. மருத்துவமனையில் கலை என்று எங்கே பேசினாலும் இந்த ஆய்வை மேற்கோள் காட்டாமல் யாரும் மேடையிறங்குவதில்லை. இதோ, நானும் காட்டிவிட்டேன்.

ஆனால் பாருங்கள், 46 பேர், ஒரே ஒரு மருத்துவமனை, பழைய பதிவேடு. நல்ல ஆய்வுதான், ஆயினும் அதன் தோளில் ஏற்றியிருக்கும் சுமை அதிகம். 2019இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பிய அலுவலகம் 3000க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி ஓர் அறிக்கை போட்டது. பதற்றம் குறைவது, வலியைத் தாங்கிக்கொள்வது போன்றவற்றில் கலைக்குப் பங்கு உண்டு என்று அது சொல்கிறது. உண்டு என்றே நானும் நம்புகிறேன். இருந்தாலும், 'இந்த ஓவியத்தை மாட்டினால் நோயாளி இத்தனை மணி நேரம் முன்னதாக வீட்டுக்குப் போவார்' என்று சொல்லி நிர்வாகத்திடம் பணம் கேட்பது எனக்கு உடன்பாடில்லை. நாளைக்கு இன்னொரு ஆய்வு, 'போகவில்லை' என்று சொன்னால் ஓவியத்தைக் கழற்றிவிடுவார்களா? வார்டில் மின்விசிறி சுற்றுகிறது. அது எந்த நோயைக் குணமாக்குகிறது என்று யாராவது கேட்கிறோமா? வியர்த்துக் கிடப்பவருக்குக் காற்று வேண்டும், அவ்வளவுதான். கண்ணுக்கும் அப்படி ஒரு தேவை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால் போதும், புள்ளிவிவரம் பிறகு வரட்டும்.

எந்தப் படம் என்பது அடுத்த கேள்வி. இதில்தான் நல்ல மனதுள்ளவர்கள் நிறைய தவறுகிறார்கள். 2008இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு பல்கலைக்கழகத்தில் குழந்தைகள் வார்டு எப்படி இருக்க வேண்டும் என்று 4 முதல் 16 வயது வரை 250க்கு மேற்பட்ட பிள்ளைகளிடம் கேட்டார்கள். சுவரில் கோமாளிப் படம் வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒரே குரல். பெரிய பிள்ளைகள்கூடப் பயமாக இருக்கிறது என்றார்கள். அதுவரை குழந்தைகள் வார்டு என்றாலே கோமாளி என்று வரைந்து தள்ளியவர்கள் அத்தனை பேரும் பெரியவர்கள், ஒரு குழந்தையிடம் கேட்காதவர்கள்.

மறுபக்கம், கலை என்றால் பூவும் அருவியும்தானா? கேட்டுப் பார்த்தால் நோயாளிகள் பெரும்பாலும் மரம், தண்ணீர், வெளிச்சம் கேட்கிறார்கள். ஸ்வீடனில் இதய அறுவை செய்துகொண்டவர்களிடம் பார்த்தபோது, கோடும் கட்டமுமான அரூப ஓவியம் படமே இல்லாததைவிட மோசமாகப் பதற்றம் கொடுத்தது என்று தெரிந்தது. இதைக் கேட்டு நவீன ஓவியர்கள் கோபப்படக் கூடாது, வலியில் கிடப்பவருக்குப் புதிர் அவிழ்க்கத் தெம்பில்லை. ஆனாலும் ஈசன்ஹைம் பலிபீட ஓவியம் என் மனதில் இந்த விதியைக் கலைத்துக்கொண்டே இருக்கிறது. 1512க்கும் 1516க்கும் இடையில் க்ரூனெவால்டு வரைந்தது. இன்று பிரான்சில் கோல்மார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூஞ்சை பிடித்த ரை என்ற தானியத்தின் மாவில் செய்த ரொட்டியைத் தின்று கைகால் அழுகும் நோய் அந்நாளில் ஐரோப்பாவில் பரவியிருந்தது. புனித அந்தோணியார் நெருப்பு என்பார்கள். அந்த நோயாளிகளைக் கவனித்த மடத்துக்காக வரைந்த படம் அது. சிலுவையில் தொங்கும் இயேசுவின் தோல் முழுக்கப் புண். பச்சை பாய்ந்த உடம்பு, முறுக்கிக்கொண்ட விரல்கள். இதைப் பார்த்த நோயாளிக்கு ஆறுதல் எங்கிருந்து வந்திருக்கும்? தன் உடம்பு படும் பாட்டை அறிந்த ஒருவர் அங்கே இருக்கிறார் என்பதிலிருந்துதான் என்று நினைக்கிறேன். அது விசுவாசம் ஊறிய சமூகம், அதை எடுத்து இன்றைய ஐ.சி.யு.வில் மாட்ட முடியாது. ஆனால் நோயாளிக்கு எப்போதும் சிரித்த முகமே காட்ட வேண்டும் என்கிற கட்டாயத்தை அந்தப் படம் ஏற்கவில்லை.

நம் மருத்துவமனைகளுக்கு வருவோம். இடுப்பு உயரத்துக்கு எண்ணெய்ப் பெயின்ட், அதற்கு மேல் சுண்ணாம்பு. அதன்மேல் எழுத்து: எச்சில் துப்பாதீர். அமைதி காக்கவும். பார்வையாளர் நேரம் முடிந்தவுடன் வெளியேறவும். லஞ்சம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். எல்லாம் கட்டளை, எல்லாம் நிற்கிறவர் கண் உயரத்தில். பிரசவ வார்டில் கொழுகொழு வெள்ளைக்காரக் குழந்தை, காலண்டரிலிருந்து எடுத்தது. தனியார் ஸ்கேன் சென்டருக்குப் போனால் சுவரளவு ஃப்ளெக்ஸில் சிவப்பு மேப்பிள் மரங்கள். உல்ரிச் மரம் என்றாரே தவிர மேப்பிள் என்று சொல்லவில்லை. தேனியிலிருந்து பஸ் ஏறி வந்த அம்மாவுக்கு ஒரு புளியமரத்தைக் காட்டினால் அவர் அதன் நிழலில் உட்கார்ந்திருப்பார், இந்த மேப்பிளை என்ன செய்வார்?

காத்திருக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேகி கெஸ்விக் ஜெங்க்ஸ் என்ற தோட்டக் கலை எழுத்தாளரிடம் 1993இல் அவருடைய புற்றுநோய் திரும்பிவிட்டது, சில மாதங்கள்தான் என்று சொன்னார்கள். சொல்லிவிட்டு, அடுத்த நோயாளி காத்திருக்கிறார், கொஞ்சம் நடைபாதையில் உட்காருங்கள் என்றார்களாம். ஜன்னல் இல்லாத நடைபாதை. 1995இல் அவர் மறைவதற்குள் வேறு மாதிரியான ஓர் இடத்தைத் திட்டமிட்டார். 1996இல் எடின்பரோவில் ஒரு பழைய குதிரை லாயத்தில் அது திறந்தது. அங்கே வரவேற்பு மேசை கிடையாது. உள்ளே போனால் சமையலறை மேசை, டீ. பின்னால் பேர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் பல ஊர்களில் மேகி மையங்களைக் கட்டினார்கள், சில கொஞ்சம் ஆடம்பரமாகவே. ஆனால் ஒவ்வொன்றின் நடுவிலும் அந்த மேசை இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நம் ஊரில் நோயாளியோடு வருகிறவர் பாயை விரித்து வராந்தாவில் படுக்கிறார். அவருக்காக யாரும் ஒரு சுவரையும் யோசித்ததில்லை.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். வரையத் தெரிந்த கைகளைத் தேடி நாம் தொலைவு போக வேண்டியதில்லை. சென்னை ஓவியக் கல்லூரி 1850இல் தொடங்கியது. தொடங்கியவர் அலெக்சாண்டர் ஹண்டர், கம்பெனி உத்தியோகத்தில் இருந்த ஒரு அறுவை மருத்துவர். நம் மாநிலத்தில் ஓவியப் பள்ளி என்ற ஒன்றை ஒரு டாக்டர்தான் ஆரம்பித்துக் கொடுத்திருக்கிறார். அந்தக் கல்லூரியும் பெரியாஸ்பத்திரியும் இன்றைக்கும் ஒரே ஈ.வெ.ரா. பெரியார் சாலையில்தான் இருக்கின்றன. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலையிழந்த பேனர் ஓவியர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இருபதடி முகத்தை அண்ணாந்து பார்ப்பவருக்காக வரைந்து பழகிய கைகள் அவை. படுத்துப் பார்ப்பவருக்காக வரைவது அவர்களுக்குப் பெரிய பாய்ச்சல் இல்லை.

ஓவிய மாணவர்களுக்கு மட்டும் இரண்டு சொல்லி முடிக்கிறேன். தூரிகையை எடுப்பதற்கு முன்னால் வார்டைக் கழுவும் அம்மாவிடம் போய்க் கேளுங்கள். எது துடைத்தால் போகும், எந்தச் சட்டத்தில் தூசி தங்கும், பினாயில் பட்டால் எந்தப் பெயின்ட் உரியும் என்று கிருமித்தொற்றுக் குழுவுக்கு முன்பே அவருக்குத் தெரியும். அவர் வேண்டாம் என்றால் அந்தப் படம் மூன்று மாதம் தாங்காது. அடுத்தது, நுழைவாயிலில் ஆரம்பிக்காதீர்கள். அங்கே வரைந்தால் அமைச்சர் வந்து திறந்து வைப்பார், பத்திரிகையில் படம் வரும், நோயாளி ஸ்ட்ரெச்சரில் ஒரே ஒரு தடவை அதைக் கடந்து போவார். எலும்பு முறிவு வார்டில் ஆரம்பியுங்கள். காலில் எடை கட்டி வாரக்கணக்கில் மல்லாந்து கிடப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். பக்கத்தில் காலிக் கட்டில் இருந்தால் சிஸ்டரிடம் கேட்டுக்கொண்டு நீங்களும் படுங்கள். மேலே என்ன வேண்டும் என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்வார், அவருக்கு அதை யோசிக்க நிறைய நேரம் இருந்திருக்கிறது.